லைட் டூட்டி

தங்க வயலில் பிறந்து வளர்ந்த யாரிடமாவது லைட் டூட்டி என்று சொல்லிப் பாருங்கள். சிரித்துக்கொண்டிருக்கும் முகம் சட்டென்று வாடிவிடும். வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்குவதில்லை. என் மருமகளிடம் ஒருமுறை சொன்னேன். "நல்லதுதானே அத்தை, கஷ்டப்படாம சம்பளம்" என்றாள். அவள் மேல் தப்பில்லை. எல்லாம் அவள் பிறப்பதற்கு முன்னால் நடந்த சங்கதிகள்.

சுரங்கத்துக்குள் பல வருஷம் மெஷின் பிடித்துத் துளை போட்டவர்கள் பாறைத் தூசியைத்தான் மூச்சாக இழுத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக நெஞ்சு இறுகிவிடும். முதலில் மேடு ஏறினால் மூச்சு வாங்கும். அப்புறம் சமதரையில் நடந்தாலே வாங்கும். கடைசியில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் வாங்கும். அப்படிப்பட்டவரை இனிமேல் கீழே அனுப்ப வேண்டாம் என்று டாக்டர் எழுதிக் கொடுப்பார். சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாசலைப் பெருக்குவது, ஆபீஸ் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று மேலேயே லேசாக ஏதாவது ஒரு வேலை கிடைக்கும். அதற்குத்தான் லைட் டூட்டி என்று பெயர். அந்த வேலைக்குப் போனவர்கள் திரும்பக் கீழே இறங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

என் அப்பா அந்த வேலையில் இருந்தார். மரம் அடுக்கி வைக்கும் யார்டில் சருகு பெருக்கினார். பத்து இலையைக் கூட்டிவிட்டு துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார், மூச்சு திரும்பி வரும் வரைக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் அந்த வேலியோரமாகத்தான் வருவேன். என்னைப் பார்த்ததும் நன்றாக இருப்பவர் போல வேகமாகப் பெருக்கிக் காட்டுவார். எனக்காகத்தான் அப்படிச் செய்தார் என்று தெரிந்தும் நான் ஒன்றும் சொன்னதில்லை. நான் தாவணி போட்ட வருஷம் போய்விட்டார்.

அதனால் சுரங்கத்துக்காரனுக்கு மட்டும் கழுத்தை நீட்ட மாட்டேன் என்று அம்மாவிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். பஜாரில் ஒரு சின்னக் கடை வைத்திருப்பவன் போதும், பாத்திரக் கடையோ பொட்டுக் கடையோ, சூரிய வெளிச்சத்தில் வேலை செய்கிறவனாக இருந்தால் போதும் என்றேன். அம்மா ஒரே வரியில் என் வாயை அடைத்தாள். "ஏண்டி, கடைக்காரனுங்க உன்ன கேட்டு வாசல்ல க்யூவுல நிக்கறாங்களா?"

யாரும் நிற்கவில்லை. அறுபதுகளின் நடுவில், மாரிகுப்பம் லைனில், கம்பெனி கட்டிய வரிசை வீட்டில், குடியிருந்த ஒரு சுரங்கத்துக்காரருக்கே என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். சாம்பிள் கேங்கில் இருந்தார். சுரங்கத்துக்குள் அடுக்கடுக்காக இருக்கும் லெவல் ஒவ்வொன்றாகப் போய்ப் பாறையில் மாதிரிக் கல் கொத்திக்கொண்டு வரும் வேலை. மாமனார் மாமியார் குடியாத்தம் பக்கம் சொந்த ஊரோடு போய்விட்டதால் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அதிகம் பேச மாட்டார். மேலதிகாரி ஒன்று சொல்லிவிட்டால் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்வார். பிளாட்பாரத்தில் டிக்கெட் கேட்பார் யாரும் இல்லாத நேரத்திலும் டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் ரகம்.

நான் அவருக்குச் சோறு போட்டேன், துணி துவைத்தேன், கேட்டதற்குப் பதில் சொன்னேன். அதற்கு மேல் ஒன்றும் கொடுக்கவில்லை. ஏதாவது ஒரு சாக்கில் சண்டையும் பிடித்தேன். அப்பாவுக்கு அழுத அழுகையே எனக்கு ஒரு ஆயுசுக்குப் போதும். இன்னொருவர் மேல் ஆசையை வைத்துவிட்டு அவர் இருமுவதைக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் ஆகாது என்பது என் கட்சி. இன்றைக்கும் அதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

கல்யாணமாகி இரண்டாவது வருஷம் நடந்தது இது. ஒரு நாள் காலை குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நின்றிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா வந்தாள். எங்கள் லைனில் எந்த வீட்டில் என்ன வேகிறது என்பது அடுப்பு பற்றவைத்தவளுக்கு முன்னால் அந்த அக்காவுக்குத் தெரிந்துவிடும். மனசு மட்டும் தங்கம். என் தோளில் கையை வைத்தாள்.

"தங்கச்சி, ஒண்ணு சொல்றேன். மனச கெட்டியா வெச்சுக்கோ."

"இன்னாக்கா?"

"உன் வூட்டுக்காரர லைட் டூட்டில போட்டுட்டாங்களாமே. எங்க வூட்டுக்காரரு டைம் ஆபீஸ் வாசல்ல நின்னுகினு இருக்கசொல்ல காதால கேட்டாராம். சாம்பிள் கேங்குல மூணு பேராம். இந்த வயசுல, பாவம்."

குடம் நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது. அக்காதான் குழாயை மூடினாள்.

மதியம் ஷிப்ட் முடிந்து அவர் வந்தார். வழக்கமாகத் தலைமுடியெல்லாம் வெள்ளைப் பொடி படிந்து, கிழவர் வேஷம் போட்டவராக வருவார். அன்றைக்கு அப்படி ஒன்றும் இல்லை. சட்டை கசங்கவில்லை. வாய்க்குள் ஏதோ பாட்டு வேறு முணுமுணுத்தார். தண்ணீர்ச் சொம்பைக் கொடுத்துவிட்டு, "வேலை எப்பிடி?" என்று கேட்டேன். நான் அப்படிக் கேட்பதே அதிசயம் என்பதால் நிமிர்ந்து பார்த்தார்.

"கொஞ்ச நாளைக்கு வேற வேலை போட்டுக்கீறாங்க."

"இன்னா வேலை?"

"அதப் பத்தி நீ கேக்காத. வெளிய மூச்சு விடக்கூடாதுன்னு ஆபீசர் சொல்லிக்கீறாரு." சொல்லும்போது சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் என்னைக் கொன்றது. முதல் நாள் துடைப்பத்தோடு நின்ற அன்று அப்பாவும் இப்படித்தான் சிரித்தார். மறைக்கிறார், எனக்காக மறைக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். அவராக வாய் திறக்கும் வரைக்கும் நானும் அந்த வார்த்தையை எடுப்பதில்லை என்று இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் எனக்கு அதுவாகவே பட்டது. தினமும் உடம்பில் தூசி இல்லாமல் வந்தார். கீழே இறங்குவதில்லை, அதனால்தான் என்று நினைத்தேன். கண் இரண்டும் சிவந்து தண்ணீர் கொட்டிக்கொண்டு வந்தார். வரும் வழியில் சயனைட் மேட்டுப் பக்கம் எங்கேயோ உட்கார்ந்து தனியாக அழுதுவிட்டு வருகிறார் என்று நினைத்தேன். கேட்டால், "மணல் வுழுந்துச்சு" என்றார். எங்கள் ஊரில் ஆலைக்கழிவு மணல் குன்று குன்றாகக் குவிந்து கிடக்கும், அதைத்தான் சயனைட் மேடு என்போம், காற்றடித்தால் கண்ணில் விழத்தான் செய்யும். ஆனால் தினமும் இரண்டு கண்ணிலும் சரியாகவா விழும்?

பனியன் விஷயம்தான் உச்சம். அப்போது துணி வெளுப்பாக வர ஒரு பொடி வந்திருந்தது. கடைசி அலசலில் ஒரு சிட்டிகை கலந்தால் வெள்ளை பளீரென்று கண்ணைப் பறிக்கும். எனக்கு இருந்த ஒரே கர்வம் அந்த வெளுப்புதான்; லைனில் என் கொடியில் காயும் வெள்ளையைப் போல இன்னொரு கொடியில் கிடையாது. ஒரு நாள் அவர் தயங்கித் தயங்கி, "இனிமே என் பனியனுக்கு அந்தப் பொடி போடாத. அழுக்கா இருந்தாலும் பரவாயில்ல" என்றார். மனுஷனுக்கு வெள்ளைத் துணியின் மேல் கூட ஆசை விட்டுப்போய்விட்டதே என்று பின்வாசலில் போய் நின்று அழுதேன்.

அக்கா தன் பங்குக்கு லைன் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். ஒரு வீட்டிலிருந்து ஆட்டுக்கால் சூப் வந்தது. இன்னொரு வீட்டிலிருந்து முட்டை வந்தது. இவர் ஒன்றும் தெரியாமல் எல்லாவற்றையும் குடித்துச் சாப்பிட்டுவிட்டு, "நம்ம லைன்காரங்க ரொம்ப நல்லவங்க" என்றார்.

நான் மட்டும் சும்மா இருப்பேனா? பூதிகோட்டையிலிருந்து வண்டியில் வரும் கீரைக்காரரிடம் தூதுவளை சொல்லிவைத்து வாங்கினேன். நெஞ்சுக்கு நல்லது என்று ரசம் வைத்தேன். அவர் வரும் நேரத்துக்கு வெந்நீர் காய்ந்திருக்கும். முன்பெல்லாம் தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவேன். இப்போது எதிரில் உட்கார்ந்துகொண்டேன். உட்கார்ந்தால் ஏதாவது பேச வேண்டுமே, பேசினோம். சின்ன வயசில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். எதற்குப் பயப்படுவீர்கள் என்று கேட்டேன்.

"கேஜுக்குத்தான்" என்றார். ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் இரும்புக் கூண்டு அது. "இத்தினி வருஷம் ஆச்சு. பயம் போவல. கேஜு வுடசொல்ல கண்ண மூடிக்குவேன். வயித்துல இருக்கற கூழு வாய்க்கு வரும். யார்கிட்டயும் சொன்னதில்ல, சிரிப்பாங்க."

நான் சிரிக்கவில்லை. பயந்துகொண்டே தினமும் இறங்கிய ஒரு ஆள் கல்யாணமான நாளிலிருந்து என் பக்கத்தில் படுத்திருக்கிறார், எனக்குத் தெரியவே இல்லை. அப்போதுதான் புரிந்தது, எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. எதைத் தவிர்க்க வேண்டும் என்று இருந்தேனோ அதிலேயே போய் விழுந்திருந்தேன். போகப் போகிறவர் என்று தெரிந்த பிறகு விழுந்தேன் பாருங்கள், என் புத்தியை என்னவென்று சொல்வது. அடுப்பு ஊதும்போதெல்லாம் அழுதேன். புகை என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

சும்மா அழுதுகொண்டிருந்தால் ஆகுமா என்று ஒரு நாள் அவர் ஷிப்டுக்குப் போனதும் கம்பெனி ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். நெஞ்சு பார்க்கும் பிரிவில் ஒரு டாக்டரம்மா இருந்தார். கன்னடத்துக்காரர். பட்டப்பகலில், தாழ்வாரத்தில், சிவப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். எனக்கு அந்த நேரத்திலும், டாக்டருக்கே கண்நோய் போலிருக்கிறதே என்று தோன்றியது. என் கதையைச் சொன்னேன்.

"யாரு எழுதிது லைட் டூட்டி? நான் எழுதில்லவே. பெரிய டாக்டர் எழுதிருப்பாரு" என்று யோசித்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். "கர்கொண்டு பாம்மா. கூட்டிட்டு வா. எக்ஸ்ரே ஸ்கிரீன்ல நிக்க வெச்சு நானே பாத்து சொல்றேன். அழ பேடா, அழாத."

அவரை எப்படிக் கூட்டிப் போவது? "கண்ணு இப்பிடி சிவந்து கெடக்குதே, ஆஸ்பத்திரில காட்டிட்டு வரலாம், வாங்க" என்று ஆரம்பித்தேன். மனுஷன் பதறிப்போனார்.

"வேணவே வேணாம். கண்ணக் காட்டினா இந்த வேலையும் பூடும்."

இந்த வேலையும் போனால் அப்புறம் என்ன இருக்கிறது? கடைசியில் பொய்தான் கைகொடுத்தது. எனக்கு உடம்பு சரியில்லை, டாக்டரம்மா வரச் சொல்லியிருக்கிறார், துணைக்கு வாருங்கள் என்றேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஒரு கணம் திகைத்தார், பிறகு காது வரைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அதான் கொஞ்ச நாளா நீ..." என்று ஆரம்பித்து, வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டார். அவருடைய வார லீவு நாளன்று வெயில் ஏறுவதற்குள் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முதல் ஆளாகத் தயாரானார். வழியில் பள்ளம் வந்த இடத்திலெல்லாம், "பாத்து, பாத்து" என்றார். அவர் என்ன நினைக்கிறார் என்று புரிந்தும் என்னால் திருத்த முடியவில்லை. திருத்தினால் திரும்பிப் போய்விடுவார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவரைப் பார்த்து, "சட்டை கழட்டப்பா" என்றார்.

"எனக்கா?" என்று என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். பெரிய படிப்புப் படித்தவர் சொல்லிவிட்டார் என்பதால் மறுபேச்சில்லாமல் கழற்றினார்.

நானும் உள்ளே வருவேன் என்று அடம்பிடித்தேன். டாக்டரம்மா, "மாசமா இருக்கியா? இருந்தா உள்ள வரக்கூடாது, எக்ஸ்ரே கிரணம் வயித்துக்கு ஆகாது" என்றார்.

"இல்லீங்க" என்றேன்.

பின்னாலிருந்து அவர், "இல்லியா?" என்றார். அந்தக் குரலில் இருந்த ஏமாற்றம் இப்போதும் என் காதில் இருக்கிறது.

ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி அடித்த அறை அது. கதவை மூடியதும் கண்ணைக் குத்தினாலும் தெரியாத இருட்டு. டாக்டரம்மா ஒரு கனமான மேலாடையை என் மேல் மாட்டி உட்கார வைத்தார். "கண்ணு பழகணும். கொஞ்ச நேரம் சும்மா உக்காரு. நான் வெளிய சிவப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டே பழக்கிட்டு வந்துட்டேன், உனக்குத்தான் ஆகணும்" என்றார். அப்போதுதான் அந்தக் கண்ணாடியின் சங்கதி புரிந்தது. இருட்டில் என் வீட்டுக்காரர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. இழுப்பு இருக்கிறதா, சத்தம் இருக்கிறதா என்று நான் ஒவ்வொரு மூச்சாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு மெஷின் உறுமியது. அவருக்கு முன்னால் நிறுத்தியிருந்த பலகை மெதுவாகப் பச்சையாக ஒளிர்ந்தது. விளக்கு எரிவது போல இல்லை. விளக்குக்கு ஒரு திரி உண்டு, ஒரு இடம் உண்டு. இது பலகை முழுவதும் தானாகவே உள்ளுக்குள்ளிருந்து வந்த வெளிச்சம். அதில் அவருடைய விலா எலும்புகள் வரிவரியாகத் தெரிந்தன. நடுவில், அவருக்குக் கொஞ்சம் இடது பக்கமாக, ஒரு நிழல் துடித்துக்கொண்டிருந்தது.

"அது இன்னாங்க?"

"அதுதான் அவர் ஹார்ட்" என்றார் டாக்டரம்மா. "எக்ஸ்ரே நம்ம கண்ணுக்குத் தெரியாது. பலகையில ஒரு உலோக உப்பு பூசியிருக்கு. அது மேல கிரணம் பட்டா அது வெளிச்சமா மாத்திக் கொடுக்குது. சும்மா பாத்தா வெறும் மாவு."

அவர் சொன்னது பாதிதான் காதில் விழுந்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷனை நான் நிமிர்ந்து முழுசாகப் பார்த்தது கிடையாது. இப்போது அவருடைய இதயத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது, யாரிடமும் ஒன்றும் மறைக்காமல். என்னால் தாங்க முடியவில்லை, சத்தம் வராமல் அழுதேன்.

பலகைக்கு மேலே அவர் தலை மட்டும் இருட்டில் இருந்தது. அங்கிருந்து குரல் வந்தது. "இன்னாத்துக்குமே அழுவுற? உன் மூஞ்சி மேல வெளிச்சம் அடிக்குது, தெரியுது எனக்கு." பிறகு, "டாக்டரம்மா, இது எங்க கல்லு மாரியே எரியுதுங்களே. எங்குளுது நீலம், அவ்ளோதான்" என்றார்.

"எந்தக் கல்லு?"

பதில் இல்லை. மூச்சு விடக்கூடாது என்று ஆபீசர் சொன்னது ஞாபகம் வந்திருக்க வேண்டும். டாக்டரம்மா இருட்டில் சிரித்தார்.

"ஷீலைட்டா? கிளப்புல ஆபீசர்ங்க எல்லாம் அதைத்தானே பேசறாங்க. ராத்திரி சாப்பாடு முழுக்க ஷீலைட், ஷீலைட். ஓ, நீ அந்த லைட்டு தூக்கிட்டுப் போற கேங்கா?" சிரிப்பு நின்றது. "இரு. ஏனம்மா, இவரு லைட் டூட்டின்னு சொன்னியே, அது இதுவா?"

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. "நெஞ்சு, டாக்டரம்மா, நெஞ்சு எப்பிடி கீது?" என்றுதான் கேட்டேன்.

"நெஞ்சுக்கு ஏனு, என்ன? சுத்தமா இருக்கு. இப்ப ஒரு பொட்டுக் கறைகூட இல்ல" என்று சொல்லி மெஷினை நிறுத்தினார். அந்தப் பச்சை உடனே அணைந்துவிடவில்லை. ஒரு கணம் தயங்கிவிட்டுத்தான் போனது.

கதவைத் திறந்ததும் வெயில் முகத்தில் அறைந்தது. டாக்டரம்மா அவருடைய கண் இமையை விலக்கிப் பார்த்து, அந்த விளக்கை நேராகப் பார்த்தால் இப்படித்தான் கண் வெந்துபோகும், கண்ணாடி போட்டுக்கொண்டு வேலை செய், வேலை போகாது, நான் சொல்லிவிடுகிறேன் என்று சொட்டு மருந்து கொடுத்தனுப்பினார்.

திரும்பி நடக்கும்போது அவர் எல்லாவற்றையும் சொன்னார். கிளப்பில் சாப்பாட்டோடு பேசுகிற ரகசியத்தை இனிக் காப்பாற்றி என்ன ஆகப் போகிறது? தங்கம் கிடைக்கும் பாறையிலேயே ஷீலைட் என்று ஒரு கல் இருக்கிறதாம். பல்புக்குள் எரியும் கம்பிக்கு அதிலிருந்துதான் உலோகம் எடுக்கிறார்களாம். சாதாரண வெளிச்சத்தில் பார்த்தால் மற்ற வெள்ளைக் கல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது, உதைத்துவிட்டுப் போய்விடுவோம். அதற்கென்று ஒரு விளக்கு வந்திருக்கிறது. அந்த விளக்கின் வெளிச்சம் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, ஆனால் கல்லின் மேல் பட்டால் கல் பதில் கொடுக்கும். மூன்று பேரும் பாட்டரியைத் தோளில் மாட்டிக்கொண்டு, கீழே பழைய லெவல்களில், தலை விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுச் சுவர் சுவராகக் காட்டிக்கொண்டு போவார்களாம்.

"மொத நாளு ஒண்ணியும் தெர்ல. வெறும் இருட்டு. அப்புறம் ஒரு மூலைல காட்டினா, சுவரு பூரா நீலமா பூத்துச்சுமே. இத்தினி வருஷமா அந்தச் சுவத்தோரமா நடந்துகீறேன். அங்கதான் சோத்து டப்பாவ வெப்போம். உள்ள இத்தினி கீதுன்னு யாருக்குத் தெரியும்?"

"அப்ப லைட் டூட்டின்னு?"

"பசங்க வெச்ச பேரு. ஷீலைட்டுன்னு நாக்குல வரல, லைட்டுன்னுட்டானுங்க. லைட்டு தூக்கற வேலைதானே. எனக்கு இன்னா தெரியும், நீ இப்பிடி எடுத்துக்குவேன்னு?"

"பனியனுக்குப் பொடி போடாதன்னீங்களே?"

"அந்த வெளக்கு பட்டா பனியன் கல்ல விட ஜோரா எரியுதுமே! ஆபீசர் வந்தாரு. இருட்டுல என் பனியன் மட்டும் தனியா நடந்து வருது. பயந்துட்டாரு. அடுத்த நாளு, வெள்ள போடாதன்னு சத்தம் போட்டாரு. என் பொண்டாட்டி வெளுப்பு அப்பிடின்னு நான் சொல்ல முடியுமா?"

நடுரோட்டில் நின்று சிரித்தேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு கோபம் வந்தது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன, ஆபீசர் வந்து எங்கள் அடுப்படியில் ஒட்டுக் கேட்கப் போகிறாரா, நான் எத்தனை நாள் செத்துச் செத்துப் பிழைத்தேன் தெரியுமா என்று பொரிந்து தள்ளினேன். அவர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். எப்போதும் அப்படித்தான். ஆனால் இந்த முறை அவர் நடை மெதுவாகிக்கொண்டே வந்தது. கடைசியில் ஒரு வேப்பமரத்துக்குக் கீழே நின்றுவிட்டார்.

"ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"ரசம் வெச்சது, பக்கத்துல குந்தினது, பேசினது, அதெல்லாம் நான் சாவப்போறேன்னு நெனச்சுதானா?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குப் பதில் வந்திருக்கும். தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். தனக்கென்று வந்தது என்று நினைத்து வாங்கி வைத்துக்கொண்ட ஒன்று, விலாசம் தப்பி வந்ததோ என்று சந்தேகப்படுகிறவர் கேட்பது மாதிரி கேட்டார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அன்றைக்கு ஏற்கெனவே ஒரு பொய் சொல்லி அவரை ஏமாற்றியிருந்தேன், இன்னொன்றுக்கு மனசு வரவில்லை.

"ஆமா" என்றேன். "சாவப்போறீங்கன்னுதான் ஆரம்பிச்சேன்."

தலையை ஆட்டினார். "இப்போ? நெஞ்சு சுத்தம்னு சொல்லிட்டாங்களே. இனிமே பழையபடிதானா?"

"இப்போ நிறுத்த வரலீங்க" என்றேன். எனக்கே கேட்காத குரலில்தான் சொன்னேன். அவருக்குக் கேட்டுவிட்டது.

அப்போது சங்கு ஊதியது. ஷிப்ட் முடிந்து ஆட்கள் சாரி சாரியாக வர ஆரம்பித்தார்கள். எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் புருஷன் முன்னால் போவான், பெண்டாட்டி நாலு அடி தள்ளிப் பின்னால் போவாள். பக்கத்தில் போனாலே பேச்சு வரும். நான் என்ன நினைத்தேனோ தெரியவில்லை, எட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் திடுக்கிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். விதியை மீறிப் பழக்கமில்லாத மனுஷன். ஆனாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கூட்டத்துக்கு நடுவிலேயே நடந்தோம். எங்களைப் பார்த்தவர்கள் பேச்சை நிறுத்தி ஒதுங்கி வழிவிட்டார்கள். எல்லார் முகத்திலும் பரிதாபம்.

குழாயடிக்கு வந்தபோது பக்கத்து வீட்டு அக்கா குடத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தாள். எங்கள் கைகளைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அய்யய்யோ தங்கச்சி, கையப் புடிச்சு இட்டுகினு வர அளவுக்கு ஆயிட்டுதா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன்.

"ஆமாக்கா, ஆயிட்டுது" என்று சொல்லிவிட்டு, வீடு வரைக்கும் கையை விடாமல் நடந்தேன்.